பெயரில்லாத பாட்டில்: பட்டறையில் ரசாயனங்களோடு வேலை பழகுபவர்களுக்கு

யாங்கோனில் தாம்வே பக்கம் நான் தொழில் பழகிய பட்டறையில் நுழைந்ததும் இடது கைப்பக்கம் ஒரு மர அலமாரி இருக்கும். அதன் கீழ்த்தட்டில் ஒரு லிட்டர் குடிதண்ணீர் பாட்டில்கள் பத்துப் பதினைந்து வரிசையாக நிற்கும். எதிலும் குடிதண்ணீர் கிடையாது. ஒன்றில் பேட்டரி ஆசிட், ஒன்றில் தின்னர், ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். எட்ட நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். எது என்ன என்பது முதலாளிக்குத் தெரியும், பெரிய மெக்கானிக்குக்குத் தெரியும். பாட்டிலில் எழுதியிருக்காது.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம். அந்த வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியாது. வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்த ஒரு தம்பி, தாகத்தில் அந்தத் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டான். நெடி மூக்கில் ஏறியதும் சட்டென்று கீழே வைத்தான். "அண்ணே, இது தண்ணி இல்லையா?" என்று கேட்டான். அது தின்னர். நெடி இருந்ததால் தப்பினான். அதற்குப் பக்கத்து பாட்டிலில் இருந்தது ஆசிட். பேட்டரி ஆசிடுக்கு அப்படி எச்சரிக்கும் நெடி கிடையாது. தண்ணீர் மாதிரியே தெளிவாக இருக்கும், கையில் தூக்கினால் கொஞ்சம் கனமாகத் தோன்றும், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த விஷயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். இப்போது என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. ரசாயனம் என்றால் பெரிய ஆலையில் ட்ரம் ட்ரம்மாக வைத்திருப்பது என்று நினைத்துவிடுகிறோம். பட்டறையில் தினமும் கை படுகிற பெட்ரோல், தின்னர், பிரேக் கிளீனர், காஸ்டிக் சோடா, துரு எடுக்கும் திரவம், பெயிண்டில் கலக்கும் ஹார்டனர், வடித்து எடுத்த பழைய எஞ்சின் ஆயில், எல்லாமே ரசாயனம்தான். இவற்றால் வரும் ஆபத்தை இரண்டு பாகமாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, அந்தப் பொருளின் குணம்: அரிக்கும், எரியும், நஞ்சாகும். இன்னொன்று, அது நம் உடம்புக்குள் வந்து சேரும் வழி. இறுக மூடிய கேனில் இருக்கும் ஆசிட் யாரையும் ஒன்றும் செய்யாது. சாதுவாகத் தெரியும் பழைய எஞ்சின் ஆயில், பத்து வருடம் தினமும் கையில் பூசிக்கொண்டே இருந்தால் தோலில் புற்றுநோய் வருவதற்குக்கூடக் காரணமாகலாம். பொருளின் குணத்தை நம்மால் மாற்ற முடியாது. வழியை அடைக்க முடியும். ஆகவே எந்த டப்பாவைக் கையில் எடுத்தாலும் "இது எந்த வழியாக என்னிடம் வரும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாய், தோல், மூக்கு, கண் என்று வழிகள் நான்குதான். கூடவே நெருப்பு.

வாய் வழி

ஆசிடையோ தின்னரையோ யார் தெரிந்து குடிக்கப்போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் நம் ஊரில் குன்யா, அதாவது வெற்றிலை, இருக்கிறது. தெருமுனைக் கடையில் சுண்ணாம்பு தடவி மடித்துக் கொடுக்கும் வெற்றிலை இல்லாமல் பட்டறையில் பொழுது போகாது. பழைய பேட்டரியைக் கழற்றும்போது முனைகளில் வெள்ளையாகவும் சாம்பல் நிறத்திலும் பொடி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடியில் ஈயம் இருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, அதே விரலால் வெற்றிலையை எடுத்துக் கடைவாயில் அதக்கிக்கொள்கிறோம். ஈயம் உள்ளே போக இதைவிட நேரான பாதை தேவையில்லை.

ஈயம் ஒரே நாளில் ஆளைச் சாய்க்காது. ரத்தத்தில் கலந்து, பிறகு எலும்பில் போய்த் தங்கிவிடும். வயிற்று வலி, மலச்சிக்கல், ரத்தசோகை, ஏறிய ரத்த அழுத்தம், கை விரல்களில் வலு குறைவது என்று மெதுவாகக் காட்டும். யாரும் அதைப் பேட்டரியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. "சாப்பாடு சரியில்லை" என்று விட்டுவிடுவோம். பிள்ளைகளுக்கோ இது மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பிள்ளைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பட்டறைக் கைலியோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும்போது அந்தப் பொடி பிள்ளையின் கைக்கும், அங்கிருந்து வாய்க்கும் போய்விடும்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. பட்டறைத் துணியைப் பட்டறையிலேயே மாற்றுங்கள், வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வெற்றிலையோ, ஊறவைத்த தேயிலையான லபெட்டோ, டீயோ, சிகரெட்டோ எதுவானாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு வெளியே போய் வைத்துக்கொள்ளுங்கள். சானிடைசர் தேய்த்தால் போதாது. அது கிருமிக்கு உதவும், ஈயத்தை எடுக்காது. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பேட்டரியை உடைத்து, தகட்டை எடுத்து, வீட்டுப் பின்கட்டில் ஈயம் உருக்குவதை விட்டுவிடுங்கள். கிடைக்கும் காசு கொஞ்சம். புகை படிந்த அந்த மண்ணில்தான் பிள்ளைகள் வருடக்கணக்கில் விளையாடப்போகிறார்கள்.

தோல், கண்

தோலைப் பற்றி நாம் நினைப்பது, அது ஒரு சுவர் என்று. உண்மையில் தோலின் மேல் இருக்கும் எண்ணெய்ப் பசைதான் பாதி காவல். வேலை முடிந்ததும் கிரீஸ் போக வேண்டும் என்று பெட்ரோலிலும் தின்னரிலும் கை கழுவுகிறோமே, அந்தப் பசையை நாமே கழுவி விடுகிறோம். கை வறண்டு, வெடித்து, அப்புறம் எது பட்டாலும் எரியும். கொஞ்சம் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு சோப்புப் போட்டால் கிரீஸ் போய்விடும். செய்து பாருங்கள்.

காஸ்டிக் சோடாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் பாகங்களில் பிடித்த கரியையும் பிசுக்கையும் எடுக்க இதைத் தண்ணீரில் கரைத்து வைப்பார்கள். ஆசிட் பட்டால் உடனே எரியும், ஆள் துள்ளிக்குதித்துத் தண்ணீருக்கு ஓடுவான். காஸ்டிக் கரைசல் பட்டால் முதலில் வழவழவென்று சோப்பு மாதிரி இருக்கும். உண்மையில் அங்கே சோப்புதான் உருவாகிக்கொண்டிருக்கிறது, நம் தோலின் கொழுப்பிலிருந்து. வலி தெரியும்போது அது ஆழமாக இறங்கியிருக்கும். கண்ணில் பட்டால் பல நேரம் ஆசிடைவிட மோசம், ஏனென்றால் அது நிற்காமல் உள்ளே அரித்துக்கொண்டே போகும். அதனால் கை வழுவழுத்தாலே குழாயடிக்குப் போய்விடுங்கள், எரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அலுமினியப் பாகங்களை இந்தக் கரைசலில் போடவே கூடாது. பாகமும் கரையும், தீப்பிடிக்கும் ஹைட்ரஜனும் பொங்கி வரும்.

கையுறை விஷயத்தில் ஒரு தப்பு எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. பருத்திக் கையுறை ஆசிடையும் தின்னரையும் உறிஞ்சிக்கொண்டு தோலோடு ஒட்டவைத்துப் பிடிக்கும். வெறுங்கையைவிட அது மோசம். மெல்லிய லேடெக்ஸ் கையுறை பெட்ரோல் பட்டால் ஊறிக் கிழியும். நீல நிற நைட்ரைல் கையுறை பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் பேட்டரி ஆசிடுக்கும் நன்றாகத் தாங்கும். தின்னரில் இருக்கும் அசிட்டோன் அதையும் சில நிமிடத்தில் கடந்துவிடும். ஆக மெல்லிய நைட்ரைல் என்பது தெறிக்கும் துளிகளுக்குத்தான். தின்னரில் கை முக்கி வேலை செய்வதற்கு இல்லை. நனைந்தால் உடனே கழற்றி மாற்றுங்கள்.

கைலியும் செருப்பும் நம் உடை. வெயிலுக்கும் மழைக்கும் அதுதான் சுகம், நானும் வெளியே அப்படித்தான் போவேன். ஆனால் ஆசிட் எடுக்கும் வேலைக்கு ரப்பர் பூட்டும், முழங்கால் வரை வரும் ரப்பர் ஏப்ரனும் வேண்டும். பேட்டரி ஆசிடில் உள்ள கந்தக அமிலம் ஆவியாகிப் போகாது. துளி தெறித்தால் அதிலுள்ள தண்ணீர் மட்டும் காய்ந்து, அமிலம் துணியிலேயே இன்னும் கடுமையாகித் தங்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த முறை துவைத்துப் பிழியும்போது கைலியில் சல்லடை மாதிரி ஓட்டை விழுந்திருக்கும். துணிக்கு அடியில் இருந்த தொடைக்கும் அதே கதிதான்.

கண்ணுக்கு, பக்கங்களும் மூடியிருக்கும் கண்ணாடி. வெயில் கண்ணாடி போதாது, பக்கத்திலிருந்து தெறிப்பதை அது தடுக்காது.

மூக்கு வழி

இந்த வழியை அடைப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் மூச்சு விடாமல் இருக்க முடியாது. கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் மாஸ்க் இருக்கிறது. பட்டறையில் தின்னர் அடிக்கும்போதும் அதையே மாட்டிக்கொள்கிறார்கள். துணி மாஸ்க்கோ, ஆஸ்பத்திரி மாஸ்க்கோ, என்-95 மாஸ்க்கோ தூசியைத்தான் நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. ஆவிக்குக் கரி அடைத்த ஃபில்டர் பொருத்திய ரப்பர் மாஸ்க் வேண்டும். அந்தக் கரியும் நாளடைவில் நிரம்பிவிடும்; உள்ளே வாடை வர ஆரம்பித்தால் ஃபில்டர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் வாடையை முழுதாக நம்பவும் கூடாது. இரண்டு உதாரணம் சொல்கிறேன். பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கொதித்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்ச நேரத்தில் நாற்றம் குறைந்தது போல இருக்கும். வாயு குறைந்திருக்காது. மூக்கு மரத்துப்போயிருக்கும். "இப்போ பரவாயில்லை" என்று உள்ளே போகிறவருக்குத்தான் ஆபத்து. நாற்றம் வந்தால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், ஜன்னலைத் திறந்து காற்றோட விட்டு, நன்றாக ஆறிய பிறகு பாருங்கள். அடுத்தது, கார்களுக்கு அடிக்கும் இரட்டைப் பாக பெயிண்ட். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற பொருள் உண்டு. காற்றில் அதற்கு வாடையே தெரியாத அளவில்கூட நுரையீரலைக் கெடுக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை ஆகிவிட்டால், பிறகு துளி அளவு பட்டாலும் ஆஸ்துமா வரும். அந்த மனிதர் பெயிண்ட் தொழிலையே விட வேண்டியதுதான். வாடை தெரியாததால் ஃபில்டர் தீர்ந்ததும் தெரியாது. அதனால் இந்தப் பெயிண்டுக்கு வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் மாஸ்க் தேவை. அது இல்லாத பட்டறையில் இந்தப் பெயிண்டை அடிக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஆசிடும் தண்ணீரும்

எதை எதில் ஊற்றுவது? பழகுபவர் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது இது: தண்ணீர் முதலில், ஆசிட் அப்புறம். ஏன் என்று புரிந்தால் மறக்காது.

கடையில் கிடைக்கும் கெட்டி ஆசிட் கிட்டத்தட்ட 98 சதவீதக் கந்தக அமிலம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்றால், இந்த ஆசிட் லிட்டருக்கு 1.84 கிலோ. தண்ணீரோடு சேரும்போது இது பயங்கரமாகச் சூடாகும். இப்போது கெட்டி ஆசிட் இருக்கும் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? லேசான தண்ணீர் மேலேயே நிற்கும். இரண்டும் தொடும் இடத்தில் மட்டும் அத்தனை சூடும் சேர்ந்து, மேலே இருக்கும் அந்தக் கொஞ்சம் தண்ணீர் ஒரு நொடியில் கொதித்துத் தெறிக்கும். தாளிக்கும் எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலையைப் போட்டால் வெடிக்குமே, அதே விதம்தான். ஆனால் இங்கே முகத்தில் வந்து அடிப்பது ஆசிட். மாற்றிச் செய்தால், அதாவது நிறையத் தண்ணீரில் ஆசிடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், கனமான ஆசிட் கீழே இறங்கிக் கலக்கும். சூட்டை மொத்தத் தண்ணீரும் பகிர்ந்துகொள்ளும்.

பாத்திரமும் முக்கியம். இரும்பு வாளி, அலுமினியச் சட்டி ஆகாது. சாதாரணக் கண்ணாடி ஜாடி சூட்டில் விரிசல் விடும். தடித்த பிளாஸ்டிக் வாளி போதும். கலக்கியதும் ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ராமீட்டரை உள்ளே விடாதீர்கள், ஆறட்டும். சூடாக இருக்கும்போது அளவு குறைத்துக் காட்டும். முழுக்கச் சார்ஜ் ஆன பேட்டரியில் 1.26 முதல் 1.28 வரை காட்ட வேண்டும், நம்மைப் போன்ற வெயில் நாட்டில் சில பேட்டரிக்கு இன்னும் சற்றுக் குறைவாகவே வைப்பார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, புதிதாகப் பழகுபவர் கெட்டி ஆசிடைத் தொடவே வேண்டாம் என்பேன். கலந்து விற்கும் பேட்டரி ஆசிடையே வாங்குங்கள். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பேட்டரியில் மட்டம் குறைந்தால் ஆசிட் ஊற்றக் கூடாது. குறைந்தது தண்ணீர் மட்டும்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் விட்டால் போதும்.

மேலே போகும் வாயு, கீழே வழியும் ஆவி

மின்சாரம் அடிக்கடி போவதால் யாங்கோனில் இப்போது பட்டறைக்கு மட்டும் இல்லை, வீட்டு வீட்டுக்குப் பேட்டரியும் இன்வெர்டரும் வந்துவிட்டன. கட்டிலுக்குக் கீழே, சாமி மாடத்துக்குப் பக்கத்தில், படிக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது, அதுவும் கடைசிக் கட்டத்தில், ஹைட்ரஜன் வெளியே வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஹைட்ரஜன் காற்றைவிட மிகவும் லேசு, மேலே ஏறும். ஆகவே பேட்டரி இருக்கும் இடத்தில் கூரைக்குக் கீழே திறப்பு வேண்டும். மூடிய அலமாரிக்குள் பேட்டரியை வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. கிளிப்பைக் கழற்றும்போது வரும் சின்னப் பொறிதான் பல விபத்துக்குக் காரணம். அதனால் சார்ஜரை முதலில் அணைத்துவிட்டு அப்புறம் கிளிப்பைக் கழற்றுங்கள். மாட்டும்போதும் அப்படித்தான், மாட்டிய பிறகு சுவிட்ச்.

பெட்ரோல், தின்னர் ஆவி இதற்கு நேர்மாறு. காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தரையோடு வழிந்து, எஞ்சின் பார்க்கும் குழியில் போய்த் தேங்கும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் யாராவது கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றினால் தரையில் நிழலைப் பாருங்கள். கேன் வாயிலிருந்து புகை மாதிரி ஒன்று நடுங்கிக்கொண்டே கீழ்நோக்கி வழிவது நிழலில் தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரியாதது நிழலில் தெரிகிறது. அதைப் பார்த்த பிறகு, பத்தடி தள்ளி வைத்த மெழுகுவர்த்திக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

திரவம் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. எந்த வெப்பத்தில் தீப்பற்றும் அளவு ஆவி கிளம்புகிறது என்பதுதான் வித்தியாசம். பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே, கிட்டத்தட்ட 40 டிகிரி குளிரில். தின்னரில் கலக்கும் டொலுயினுக்கு 4 டிகிரி. மண்ணெண்ணெய்க்கு 38 டிகிரிக்கு மேல், டீசலுக்கு 50 டிகிரிக்கு மேல். ஆகப் பெட்ரோலும் தின்னரும் நம் ஊரில் வருடம் முழுக்க, ராத்திரியிலும், பற்றத் தயாராகவே இருக்கின்றன. பாகங்களைக் கழுவப் பெட்ரோல் வேண்டாம், டீசலோ மண்ணெண்ணெயோ போதும். ஏப்ரல் மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மண்ணெண்ணெயும் அந்த 38 டிகிரியை நெருங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மின்சாரம் போனதும் கை தானாக மெழுகுவர்த்தியைத் தேடும். தின்னர் திறந்திருக்கும் இடத்தில் அது கூடவே கூடாது; சார்ஜ் லைட் ஒன்றை வாசல் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். சாமி விளக்கையும் கொசுவர்த்தியையும் முன்பக்கம், தின்னர் தட்டிலிருந்து தள்ளி, மேலே வைத்துவிடலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். தீப்பிடித்தால் எரியும் பெட்ரோல் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீருக்கு மேல் மிதந்து, நெருப்பையும் கூட்டிக்கொண்டு ஓடும். உலர்மண் வாளியும் தீயணைக்கும் பவுடர் சிலிண்டரும் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கைமீறுவதாகத் தோன்றினால் வெளியே வந்து தீயணைப்புத் துறைக்கு, 191-க்குப் போன் செய்யுங்கள்.

தனித்தனியாக நல்லவை, சேர்ந்தால் கெட்டவை

பிளீச்சிங் திரவத்தையும் கக்கூஸ் கழுவும் ஆசிடையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும். தரை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாக ஊற்றி மூச்சுத் திணறியவர்கள் உண்டு. துரு எடுக்கும் திரவத்திலும் அமிலம் இருப்பதால் அதற்கும் இதே கதை. சில பிரேக் கிளீனரில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அதைத் தெளித்த இரும்பு காயும் முன் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும்; அந்த நேரத்தில் லேசான இருமல் மட்டும் இருந்து, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். வெல்டிங் கேஸுக்குக் கார்பைடு வைத்திருந்தால் அதன் மேல் மழைத்துளி படக்கூடாது, பட்டாலே அசிட்டிலின் வாயு கிளம்பும். நம் பருவமழைக்குக் கூரை எங்கே ஒழுகும் என்று பார்த்துத்தான் அலமாரியின் இடத்தையே முடிவு செய்ய வேண்டும்.

சேமிப்பதைச் சாதாரணமாக நினைப்பவர்களுக்கு 2011 டிசம்பர் 29-ஐ ஞாபகப்படுத்துவேன். அன்று விடியற்காலையில் யாங்கோனின் மிங்கலா தாவுங்ஞுன்ட் வட்டாரத்தில் ரசாயனங்கள் இருந்த கிடங்கு ஒன்று தீப்பிடித்து வெடித்தது. இறந்தவர்கள் 17 பேருக்குக் குறையாது, தீயை அணைக்கப் போனவர்களும் அதில் உண்டு. கிடங்கைச் சுற்றி மக்கள் குடியிருந்த இடம் அது. நம் பட்டறைகளும் வீடுகளுக்கு நடுவில்தான் இருக்கின்றன. எரியும் பொருள் ஒரு பக்கம், அமிலம் வேறு பக்கம், காஸ்டிக் இன்னொரு பக்கம். அமிலக் கேன் கண் மட்டத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் தட்டுக்குள். மழைக்காலத்தில் தெருத்தண்ணீர் உள்ளே வரும் பட்டறையானால் தரையிலிருந்து ஒரு முழம் மேலே.

எழுத்தும் படமும்

மீண்டும் அந்த பாட்டில்களுக்கு வருகிறேன். நமக்கு வரும் சரக்கில் நிறைய தாய்லாந்திலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறது. டப்பாவில் இருப்பது தாய் எழுத்து, சீன எழுத்து. நமக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சிவப்புக் கரை போட்ட சாய்சதுரத்துக்குள் ஒரு படம் இருக்கும். அந்தப் படங்கள் உலகம் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் வெளியிட்ட முறை அது. மொத்தம் ஒன்பது படம். பட்டறைக்கு நான்கை உடனே பழகிக்கொள்ளலாம். தீச்சுடர் எரியும் பொருளைக் காட்டும். கையின் மேலும் உலோகத்தின் மேலும் துளி விழுந்து அரிப்பது போன்ற படம் ஆசிட், காஸ்டிக் வகைக்கு. மண்டை ஓடு உடனடி நஞ்சுக்கு. மனித மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற படம் ஒன்று உண்டு. பலரும் அதைக் கவனிப்பதில்லை. நுரையீரல் கெடுதல், புற்றுநோய் மாதிரி நாள்பட்டு வரும் தீங்கை அது சொல்கிறது. பெயிண்ட் ஹார்டனர் டப்பாவில் தேடிப் பாருங்கள், இருக்கும்.

பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலுக்கு மாற்றினால் அந்தப் படமும் பெயரும் கூடவே மாற வேண்டும். என் பட்டறையில் வெள்ளை டேப் ஒட்டி, பர்மியிலும் தமிழிலும் பெயர், அதற்குக் கீழே படம், மாற்றிய தேதி எழுதுகிறோம். மார்க்கர் மை தின்னர் பட்டால் அழிந்துவிடும், அதனால் மேலே ஒளி ஊடுருவும் டேப் இன்னொன்று. குடிதண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில் எதற்கும் கிடையாது. ஒன்று கண்ணில் பட்டாலும் அதற்குரிய வழியில் காலிசெய்து, நசுக்கித்தான் போடுவோம். பெயர் இல்லாத பாட்டில் கிடைத்தால் முகர்ந்து பார்த்து ஊகிப்பதும் இல்லை. யாரும் தொடாமல் தனியே எடுத்து வைத்து, "தெரியாதது, தொடாதே" என்று எழுதிவிடுவோம்.

பட்டுவிட்டால்

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. இமையை விரலால் திறந்து பிடித்துக்கொண்டு, பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கண்ணுக்கும் போய்விடும். வலியில் கண் தானாக இறுக மூடிக்கொள்ளும், அதனால் இன்னொருவர் கூடப் பிடிக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நேரம் நம் ஊரில் உண்டு. அதற்காகவே மூடி திறக்காத 20 லிட்டர் குடிதண்ணீர்க் குடுவை ஒன்றை ஆசிட் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் எப்போதும் வைத்திருக்கிறேன். அதை வேறு எதற்கும் எடுக்க விடுவதில்லை. முதல் நிமிடத்தில் ஊற்றும் தண்ணீர்தான் கண்ணைக் காப்பாற்றும். கழுவிய பிறகுதான் ஆஸ்பத்திரி.

தோலில் பட்டால் துணியைக் கழற்றிவிட்டு அதேபோல் நிறையத் தண்ணீர். ஆசிடுக்குச் சோடா உப்பு, காஸ்டிக்குக்கு எலுமிச்சைச் சாறு என்று தோலின் மேல் போட்டு முறிக்கப் பார்க்காதீர்கள், அந்த வினையிலும் சூடு வரும், நேரமும் போகும். சோடா உப்பு தரையில் சிந்திய ஆசிடுக்கு. நுரைப்பது நிற்கும்வரை தூவிக் கழுவலாம்.

சில துரு நீக்கிகளிலும் சக்கரம் கழுவும் திரவங்களிலும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும். பட்ட இடத்தில் முதலில் பெரிதாக எரிச்சல்கூட இருக்காது. சில மணி நேரம் கழித்து எலும்பு வரை குடையும், உடம்பின் கால்சியத்தைப் பிடித்து இதயத்தையே நிறுத்தக்கூடியது. அது பட்டால் வலிக்காகக் காத்திருக்காமல் கழுவிக்கொண்டே கிளம்ப வேண்டும். அதற்குப் போடும் மருந்து கால்சியம் குளுக்கோனேட். டாக்டரிடம் "ஹைட்ரோஃப்ளோரிக்" என்ற பெயரைச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பதும் தொண்டையில் விரல் விடுவதும் நம் வீடுகளில் பழகிய வைத்தியம். ஆசிட் திரும்பி வரும்போது தொண்டையை இன்னொரு தடவை எரிக்கும்; பெட்ரோலும் தின்னரும் வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும். வாயைக் கொப்புளிக்க வைத்து, ஆம்புலன்ஸுக்கு 192-இல் சொல்லுங்கள், அல்லது கிடைக்கும் வண்டியில் ஏற்றுங்கள். ஆவி ஏறி மயங்கியவரைக் காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் குழிக்குள் ஒருவர் விழுந்து கிடந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கிவிடாதீர்கள், இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார். மேலே இருந்து காற்றடிக்க வழி செய்து, கயிறோடும் ஆளோடும் போங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கையில் அந்த டப்பாவையும் கொடுத்து அனுப்புங்கள். கசிகிறது என்றால் லேபிளைப் போனில் படம் எடுத்தால் போதும், தாய் எழுத்தாக இருந்தாலும் சரி. அதில் பொருளின் பெயர் எங்காவது எண்ணாகவோ எழுத்தாகவோ இருக்கும், டாக்டர் அதை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்வார்.